பிளாஸ்டிக் எடுத்த நாற்காலி

பிள்ளைங்களா, போன வாரம் வீடியோ காலில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "அப்பா, நாற்காலி ஏன் நடுவீட்டுல நிக்குது? பிளாஸ்டிக் எங்க போச்சு?" நான் "காத்துக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லி விட்டுவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், அதற்கு மேல் பேச முடியவில்லை. எனக்கு ஃபோனில் பேச்சு ஓடாது என்று உங்களுக்கே தெரியும். தோட்டத்துப் பள்ளியில் படித்த தமிழ் கையில் இருக்கிறது, எழுதினால் ஓரளவு வரும். அதனால் எழுதுகிறேன்.

அந்த நாற்காலி எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் வாங்கிக் கொடுத்தீர்கள். அம்மா சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது, இதயம் பம்ப் பண்ணும் சக்தி குறைந்திருக்கிறது, நுரையீரலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது, இனிமேல் மல்லாந்து படுக்க வேண்டாம், தலைப்பக்கம் உயரமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, பின்பக்கம் சாய்கிற, கால் வைக்கப் பலகை நீள்கிற அந்தத் தோல் நாற்காலியை லோரியில் அனுப்பி வைத்தீர்கள். அதில்தான் அம்மா தூங்குகிறாள். அதில் மட்டும்தான் அவளால் தூங்க முடிகிறது.

நாற்காலி வந்த அன்றைக்கு ஒரு கூத்து நடந்தது. லோரிக்காரப் பையன் பிளாஸ்டிக்கைக் கிழிக்கக் கத்தியை எடுத்தான். அம்மா ஓடிப்போய் குறுக்கே நின்றுகொண்டாள்.

"தம்பி, அத தொடாத. அப்படியே இருக்கட்டும்."

"ஆண்டி, உக்காந்தா சத்தம் வரும் லா."

"வரட்டும். என் பிள்ளைங்க வாங்கி அனுப்பினது. அழுக்காகக் கூடாது."

நம் வீட்டில் எந்தப் புதுச் சாமான் பிளாஸ்டிக் இல்லாமல் இருந்திருக்கிறது? டிவி ரிமோட்டுக்கு உறை. மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை, வெயிலில் அது பொரிந்து கையில் வரும் வரைக்கும். நம் தோட்டத்து லயத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் சோபா கிறீச் கிறீச் என்று கத்தும். விருந்தாளி எழுந்தால் பின்னாலேயே பிளாஸ்டிக்கும் கொஞ்சம் எழுந்து வரும். யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லார் வீட்டிலும் அப்படித்தான். சாமானை மதிக்கிறோம் என்று காட்டுவதற்கு நமக்குத் தெரிந்த வழி அது. அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடி இருக்கும் இடத்தில் மட்டும் கத்தரிக்கோலால் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். உடம்பு ஒட்டாமல் இருக்க அம்மா மேலே ஒரு பூப்போட்ட பாத்தேக் பருத்தித் துணியை விரித்துக்கொண்டாள். வாசலில் இருந்து சாரல் அடிக்கும் என்று நாற்காலியைக் கொண்டுபோய் குளியலறைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். பத்திரமான மூலை என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

வெயில் காலம் நல்லபடியாகப் போனது. பிறகு மழை பிடித்தது. நம் பெடாஸ் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் செம்பனைத் தோட்டம், முன்னால் செம்பனைத் தோட்டம், துணி காயாது, உப்பு ஜாடியில் உப்பு தண்ணியாக நிற்கும். ஜன்னலைச் சாத்தி வைத்தோம். அந்த மழையோடு அம்மாவுக்கு இருமல் வந்தது.

எனக்கு செனாவாங் ஃபேக்டரியில் காவல் வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்ட். விடிந்து வீட்டுக்கு வந்து மோட்டாரை நிறுத்துவேன். இஞ்சின் சத்தம் அடங்கியதும் உள்ளே இருந்து அந்த இருமல் காதில் விழும். வறட்டு இருமல், நிற்காத இருமல். போன தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் கேட்ட மாதிரியே இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே மோட்டார் மேல் உட்கார்ந்திருப்பேன். சில நாள் இருமல் கேட்காது. அப்போது அதைவிடப் பயம் வரும். ஓடிப்போய்ப் பார்ப்பேன். சமையல்கட்டில் நின்று தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருப்பாள்.

கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, சாய்ந்தால் இருமல் வந்தாலோ உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தைலம் தேய்க்கிறேன் என்று சொல்லி அம்மாவின் கணுக்காலை அமுக்கிப் பார்ப்பேன். வீங்கியிருந்தால் குழி விழும், விழவில்லை. அப்படியும் மனசு நம்பவில்லை.

"கிளினிக்குக்குப் போய்ட்டு வந்துருவோமே."

"அடுத்த வாரம் அப்பாய்ண்ட்மெண்ட் இருக்குல்ல. அன்னைக்குப் போவோம்."

"இருமல் ஜாஸ்தியா இருக்கே."

"சளி. மழைக்கு யாருக்குத்தான் சளி இல்ல? இப்ப போனா அவங்க படுக்க வச்சிருவாங்க. ஊசி குத்தி ஊசி குத்தி கையெல்லாம் கறுத்துப் போச்சு. நீங்க சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். ஆனால் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு பையை எடுத்து, அவளுடைய கைலி இரண்டு, துண்டு, ஃபிளாஸ்க், செருப்பு, புது டூத் பிரஷ், விபூதிப் பொட்டலம் எல்லாம் வைத்து, அலமாரிக்கு மேல் பழைய பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். போன தடவை வெறுங்கையோடு ஓடிப்போய்த் திண்டாடியது ஞாபகம் இருந்தது. உங்களுக்கு ஃபோன் பண்ணலாமா என்று யோசித்தேன். நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவீர்கள், உங்களைப் பார்த்ததும் அம்மா பயந்துவிடுவாள். கிளினிக் தேதி வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த நாட்களில் நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் அம்மா ஃபோனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கேதான் லைன் நன்றாக வருகிறது என்பாள். எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரு இருமல் வராது. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று அடக்கிக்கொள்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி இல்லை என்று பின்னால்தான் விளங்கியது.

விளங்க வைத்தது பக்கத்து வீட்டு ஆண்டிதான். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் சுட ஆரம்பித்திருந்தார்கள். அம்மாவை முறுக்கு பிழிய வேண்டாம், சும்மா உட்கார்ந்து பதம் பார்த்துச் சொன்னால் போதும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மத்தியானம் தூங்கி எழுந்து நான் அவளைக் கூப்பிடப் போனேன்.

"அண்ணே, அக்காவ எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு தெரியல. மாவ பாத்தாங்க, உப்பு போடுன்னாங்க, அப்படியே நாற்காலில சாஞ்சு தூங்கிட்டாங்க. அந்த குறட்டைக்கு எங்க வீட்டுப் பூன எழுந்து வெளிய போயிருச்சு."

"யாரு குறட்ட விட்டா? கண்ணதான் மூடியிருந்தேன்" என்றாள் அம்மா.

"ஆமாக்கா. கண்ண மூடினா வாய் தெறந்துக்கும் போல."

நான் கேட்டேன், "இருமினாளா?"

ஆண்டி முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்கள்: "இருமலா? ஒரு இருமல் இல்லையே."

சாய்ந்து தூங்கியிருக்கிறாள், இருமவில்லை. நெஞ்சில் தண்ணி சேர்ந்திருந்தால் எந்த வீட்டு நாற்காலியில் சாய்ந்தாலும் இருமல் வர வேண்டும் அல்லவா? பக்கத்து வீட்டுக்கு மட்டும் வராமல் இருக்குமா?

அவளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூலையில் இருந்த நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். பாத்தேக் துணியை எடுத்தேன். பிளாஸ்டிக் உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக நீர் கோத்திருந்தது. அதற்கு அடியில் தோல் தெரியவில்லை. முதுகு சாயும் இடமெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்து, புது முளைப்பு மாதிரி மெதுமெதுவென்று இருந்தது. சும்மா பின்பக்கத்தைக் கையால் ஒரு அழுத்து அழுத்தினேன். கைப்பிடிக்காக நான் வெட்டிய ஓட்டை வழியாகவும், தலைப்பக்கத்துக் கிழிசல் வழியாகவும் புஸ்ஸென்று காற்று வந்தது. முகத்தில் அடித்த வாடையை எனக்கு முன்பே தெரியும். ரப்பர் இருந்த காலத்தில் இந்தத் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்தவன் நான். சரியாகக் காயாத ரப்பர் ஷீட்டை அடுக்கி வைத்தால் இதே வாடைதான் வரும். அம்மா சாயும்போதெல்லாம் இந்த நாற்காலி அவள் மூக்கிலேயே ஊதிக்கொண்டு இருந்திருக்கிறது.

பிள்ளைங்களா, வீட்டுச் சாமானில் பூசணத்தைப் பார்த்து சாமிக்கு நன்றி சொன்ன ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சொன்னேன். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நிச்சயமாகத் தெரியாது, டாக்டர் பார்க்க வேண்டும், எல்லாம் சரி. ஆனாலும் அதுவரைக்கும் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு காரணம். இப்போது இன்னொரு காரணமும் கண்ணுக்கு முன்னால் இருந்தது, அதைத் துணி வைத்துத் துடைக்கலாம்.

நானும் ஆண்டியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நாற்காலியை முன்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். நான் கத்தியை எடுத்ததும் அம்மா மறுபடியும் வந்து நின்றாள்.

"கிழிக்கப் போறீங்களா?"

"பாரு, நீயே பாரு."

குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, "இத்தன நாளா பத்திரமா வச்சிருந்தேனே" என்றாள். அந்தக் குரல் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாற்காலி போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். அது போனால் எதில் தூங்குவாள்? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சிரித்தவனுக்கும் அந்தக் கவலை வந்துவிட்டது. சுத்தம் பண்ண முடிந்தால்தான் இரண்டும் நமக்கு மிஞ்சும், அவளுடைய மூச்சும் தூக்கமும்.

எப்படிச் சுத்தம் பண்ணுவது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ரப்பர் ஷீட்டில் பூசணம் வந்தால் என்ன பண்ணுவோம்? தேய்த்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் புகையில் தொங்கப் போடுவோம். புகை பட்ட ஷீட்டில் பூசணம் லேசில் ஏறாது. அதனால் பின்னால் இருக்கும் கொட்டகையில் தேங்காய் மட்டையைப் போட்டுப் புகை மூட்டி, நாற்காலியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் முடிந்தது என்று சொன்னேன். கொட்டகையைக் காலி பண்ணவும் ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஒங்க இடுப்புல கட்டியிருக்கறதும் தோல்தானே? மொதல்ல அத வைங்க. நல்லா வந்தா பெறகு நாற்காலிய வைப்போம்."

எனக்குக் கோபம்தான். புகைக்கூடத்து ஆளுக்கே புகை போடச் சொல்லித் தருகிறாளே என்று. இருந்தாலும் பெல்ட்டைக் கழற்றி, பழைய எண்ணெய் டிரம்முக்குள் தொங்கவிட்டு மட்டையைக் கொளுத்தினேன். ஆண்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, வீட்ல கறி இல்லையா? பெல்ட்ட சுட்டுத் திங்கப் போறீங்களா?"

"நீங்க முறுக்கப் பாருங்க, கருகிடப் போகுது."

சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். பெல்ட் கருவாடு மாதிரி விறைத்து நின்றது. வளைத்தேன், பக்கிள் ஓட்டை இருக்கும் இடத்தில் படக்கென்று வெடித்தது. அம்மா உள்ளே போய், பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் ராபியா கயிறு கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அன்றைக்கு வேலைக்கு அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் போனேன்.

காலையில் ஷிப்ட் முடிந்து, செனாவாங்கிலேயே ஒரு நாற்காலிக் கடை திறக்கும் வரைக்கும் காத்திருந்து உள்ளே போனேன். உங்களைக் கேட்டிருந்தால் நீங்களே ஃபோனில் தேடிச் சொல்லியிருப்பீர்கள். அப்புறம் ஏன் என்று கேட்பீர்கள், இருமல் கதை வெளியே வந்துவிடும். கடையில் ஒரு மலாய்ப் பெண் இருந்தது, உங்கள் வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். முதலில் என் இடுப்புக் கயிற்றைப் பார்த்தது, பிறகு என் முகத்தைப் பார்த்தது.

"பாக்சிக், அந்த பிளாஸ்டிக் லோரியில வர்ற வரைக்கும்தான். வீட்டுக்கு வந்ததும் எடுத்துடணும்" என்று, என்னை மாமா முறை வைத்து, மலாயில் சொன்னது. "எங்கம்மாவும் எடுக்க விடமாட்டாங்க. நானே எடுத்துட்டேன், ஒரு வாரம் பேசல."

அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும். தோலை வெயிலில் காயவைக்கக் கூடாது, நெருப்பு, புகை கிட்டவே கொண்டுபோகக் கூடாது, சமையல் எண்ணெயும் தடவக் கூடாது, அது சிக்குப் பிடித்து இன்னும் பூசணத்தைக் கூட்டும். வீட்டுக்கு வெளியில் வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காய்ந்த துணியால் பூசணத்தைத் துடைக்க வேண்டும். அந்தத் துணியைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பிறகு தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, தோல் ஊறாமல் துடைக்க வேண்டும். முதலில் கண்ணுக்குப் படாத இடத்தில் கொஞ்சம் துடைத்துப் பார்த்து, நிறம் போகவில்லை என்றால் மற்ற இடம். உடனே காய்ந்த துணி. அப்புறம் நிழலில் காற்று. முழுக்கக் காய்ந்த பிறகு தோலுக்கென்று விற்கும் கிரீம் கொஞ்சமாக. அந்த கிரீமை அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

பிளாஸ்டிக்கைக் கிழித்துத் துடைக்கும் வேலையை நான் மட்டும்தான் செய்தேன். அம்மாவை ஆண்டி வீட்டில் உட்கார வைத்துவிட்டேன். சும்மா இருக்க மாட்டாள் அல்லவா, வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து சத்தம் வரும். "தையல் ஓரத்த பாத்தீங்களா?" "பாத்தாச்சு." "கால் பலகைக்கு அடியில?" "அதுவும் ஆச்சு." "நான் வந்து பாக்கட்டா?" "வராத!" தையல் ஓரத்துக்கு ஒரு பழைய டூத் பிரஷ். துடைக்கத் துடைக்க நாற்காலியின் நிறம் வந்தது. நல்ல காப்பி நிறம். இத்தனை நாள் பிளாஸ்டிக்குக்குள்ளே பார்த்ததில் அது சாம்பல் நிறம் என்றே நான் நினைத்திருந்தேன். கையால் தடவிப் பார்த்தேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த பொருளை அன்றைக்குத்தான் நான் முதல் முதலாகத் தொட்டேன்.

முன்வாசலில் நிழலில், டேபிள் ஃபேனைப் போட்டு அது காய்ந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் அம்மா சுவரில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்கினாள். இடுப்பு வலி என்று முனகினாள். ஆனால் இருமல் குறைந்துகொண்டே வந்தது. குறைகிறது என்று நான் வாயால் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. சொன்னால் திரும்ப வந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

கிளினிக் தேதி வந்தது. அங்கே இருந்த இளவயது டாக்டர் பொண்ணு அம்மாவின் முதுகில் குழாயை வைத்து, மூச்சை இழு, விடு, இழு, விடு என்று நெடுநேரம் கேட்டது. நான் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே படமும் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் தண்ணீர் இல்லை, இதயம் போன தடவை இருந்த மாதிரியே நிற்கிறது, மாத்திரையை அப்படியே தொடருங்கள் என்று சொன்னது. நான் பூசணத்தைப் பற்றிச் சொன்னேன். அதனால் வந்த இருமலாக இருக்கலாம், ஆனால் இனிமேல் இருமல் வந்தால் நீங்களாகவே யோசித்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே வந்துவிடுங்கள் என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னது. சரி என்றேன். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் நிற்கும் இடம் வரைக்கும் விடவில்லை.

"எனக்கும் அதே பயம்தான்" என்றாள்.

"எந்தப் பயம்?"

"சும்மா கேக்காதீங்க. ஒங்களுக்குத் தெரியாதா? தைலம் தேய்க்கிறேன்னு கால அமுக்கி அமுக்கிப் பாத்தீங்களே, எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கே நாற்காலியை உள்ளே கொண்டுவந்தோம். பழைய மூலைக்குக் கொண்டுபோகவில்லை. சுவரை விட்டுத் தள்ளி, ஜன்னலுக்கு எதிரே, நடுவீட்டில் போட்டோம். அதுதான் நீங்கள் வீடியோவில் பார்த்தது. பின்னால் நிற்கும் ஃபேன் அதன் முதுகுக்கு. மழை விட்டால் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். பாத்தேக் துணியை அம்மா அடிக்கடி துவைக்கிறாள். வேலைக்குப் போகும் முன் ஒரு காய்ந்த துணியால் நாற்காலியை ஒரு தடவை துடைத்துவிட்டுப் போகிறேன். நீங்களும் வாடகை ரூமில், வேலைக்குப் போடும் தோல் சப்பாத்தைப் பெட்டியில் போட்டு மூடி வைக்காதீர்கள், மகளே, நீ அந்த ஆபீஸ் பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு.

கிழித்த பிளாஸ்டிக்கை அம்மா தூக்கிப் போடவில்லை. கழுவிக் காயவைத்து மடித்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "மோட்டாருக்குப் போடலாம்" என்கிறாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா நாற்காலியில் சாய்ந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன். கால் பலகை நீண்டது. சத்தம் இல்லை, கிறீச் இல்லை. வெளியே மழை பிடித்தது. அவள் கண் சொக்கியது. நான் காத்திருந்தேன். இருமல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் குறட்டை வந்தது, பூனையை விரட்டிய குறட்டை.

சத்தம் போடாமல் எழுந்து அறைக்குள் போனேன். ஸ்டூலில் ஏறி, அலமாரிக்கு மேல் பழைய பெட்டிக்குப் பின்னால் இருந்த பையை இறக்கினேன். கைலிகளை அதன் அடுக்கில் வைத்தேன். துண்டைக் கொடியில் போட்டேன். விபூதிப் பொட்டலத்தை சாமி மேடையிலும், ஃபிளாஸ்க்கை சமையல்கட்டிலும் கொண்டுபோய் வைத்தேன். புது டூத் பிரஷை என்ன பண்ணுவது என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மாவுடையது தேய்ந்து போயிருந்தது, மாற்றுக்கு இருந்த பழையதைத்தான் தையல் ஓரம் துடைக்க எடுத்துவிட்டேனே. உறையைப் பிரித்து, குளியலறையில் இருக்கும் டம்ளரில், என் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு வந்தேன்.